முழுங்கினால் பாய்ச்சு, துப்பினால் நிறுத்து

போன இதழ் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘ஆற்றுத் தண்ணிதான் பாய்ச்சுகிறேன். வாயில் ஊற்றிப் பார்த்தால் உப்பே தெரியவில்லை. ஆனாலும் கத்தரி இலை ஓரம் கருகிக்கொண்டே வருகிறது. என்ன நோய்?’ மண்ணையும் தண்ணியையும் பரிசோதனைக்குக் கொடுங்கள் என்று பதில் வந்திருந்தது. சரியான பதில்தான். ஆனால் அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை வைத்துக்கொண்டு நானும் கடை கடையாகத் திரிந்தவன். தண்ணியைப் பரிசோதனைக்கு எடுப்பது சரி, ஆற்றில் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த நேரத்தில் எடுப்பது? அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு நீங்கள் ஒரு விடியற்காலை என்னோடு தோணியில் வரவேண்டும்.

எங்கள் ஊர் கொள்ளிடத்தின் கடைசியில் இருக்கிற ஒரு படுகைக் கிராமம். அக்கரை கடலூர் மாவட்டம், இக்கரை மயிலாடுதுறை மாவட்டம். கிழக்கே போனால் பழையாறு, அதோடு கடல். எனக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட். முப்பது சென்டில் முல்லை, ஐம்பது சென்டில் கத்தரியோ வெண்டையோ, மிச்சத்தில் வாழை. வண்டல் கலந்த மணல் மண். நல்ல தண்ணி கிடைத்தால் எது போட்டாலும் வரும்.

நல்ல தண்ணி கிடைப்பதுதான் பிரச்னை. மேட்டூர் திறந்தாச்சு, டெல்டாவுக்குத் தண்ணி வந்தாச்சு என்று டி.வி.யில் சொல்லும்போது வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போன் பண்ணி, ‘உங்களுக்கு இனிமே கவலை இல்லை’ என்பார்கள். அந்தத் தண்ணி காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் போகிற தண்ணி. கொள்ளிடம் வெள்ளம் வடிகிற ஆறு. முக்கொம்பு மேலணையில் மிஞ்சியதை இதில் தள்ளுவார்கள். வருகிறதையும் அணைக்கரை கீழணையில் மறித்து வடவாறு, வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களுக்குத் திருப்பிவிடுவார்கள். அவர்களும் விவசாயிகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கீழணையைத் தாண்டி எங்களுக்கு வருவது மிச்சத்தில் மிச்சம். 2018-லும் 2022-லும் லட்சம் கன அடிக்கு மேல் வந்து வீட்டையே முழுக்கியது. அந்தத் தண்ணி போனதும் தை, மாசியில் ஆறு நின்றுவிடும். மேலேயிருந்து தள்ளுகிற தண்ணி இல்லை என்றால் கீழேயிருந்து கடல் ஏறும். மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமானதும் அது ஏறுவதற்கு வசதியாகப் போயிற்று.

வெளியூர்க்காரர்கள் மாசி மாதம் வந்தால் கரையில் நின்று, ‘ஆறு என்ன அமைதியா இருக்கு!’ என்று போட்டோ எடுப்பார்கள். ஆறு அமைதியாக இருந்தால் எங்களுக்குப் பயம்.

அப்பாவிடம் ஒரு பழைய தோணி இருந்தது, இலுப்பை மரத்தில் செய்தது. ஒரு ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடலாம், இரண்டாவது ஆள் ஏறினால் விளிம்பு வரை இறங்கிவிடும். தினமும் விடிவதற்குள் அதை எடுத்துக்கொண்டு நடு ஆற்றுக்குப் போவார். ஒரு கை தண்ணி அள்ளி வாயில் விட்டுக்கொள்வார். முழுங்கினால் அன்றைக்குப் பாய்ச்சல் உண்டு, துப்பினால் கிடையாது. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணலாமா வேண்டாமா என்பது அப்படித்தான் தெரியும். வீட்டில் வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. ‘இன்னிக்கு முழுங்கினாரா, துப்பினாரா?’ என்று அம்மா கேட்பார். பள்ளிக்கூடம் போகும்போது எங்கள் கையில் கொடுக்கிற காசும் அதை வைத்துத்தான் என்று பிற்பாடுதான் புரிந்தது.

அப்பா போன மறு வருடம் நான் தோணி எடுக்கவில்லை. அதுவும் பிளந்துபோய்க் கரையில் கிடந்தது. எதற்கு நடு ஆற்றுக்குப் போகணும், கரையிலேயே குனிந்து அள்ளிப் பார்த்தால் போதாதா என்று நினைத்தேன். அள்ளினேன், முழுங்கினேன், பாய்ச்சினேன். நாற்பது சென்ட் கத்தரி. பூ வைக்கிற சமயம் இலை ஓரம் மஞ்சளாகி, அப்புறம் சுட்ட அப்பளம் மாதிரி கருகியது. பூ கொட்டியது. கடையில் போய்ச் சொன்னேன். நோய் என்று ஒரு மருந்து, பூச்சி என்று ஒரு மருந்து, இரண்டையும் அடித்தேன். அப்புறம் ஒருவர் ஜிப்சம் போடச் சொன்னார், அஞ்சு மூட்டை போட்டேன். பார் உச்சியில் வெள்ளையாகப் பொரிந்து நின்றதைக்கூட ஜிப்சம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அது உப்பு. என் வீட்டுக்காரி கழுத்துச் சங்கிலி அந்த வருடம்தான் அடகுக்குப் போனது.

கடைசியில் வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்து ஒரு தம்பி வந்து வயலைப் பார்த்தார். பயிரைப் பார்ப்பதற்கு முன்னால், ‘உங்க ஃபுட் வால்வு எங்க கிடக்குண்ணே?’ என்று கேட்டார். ஆற்றுக்குள்ளே, அடியில், ஆறடி ஆழத்தில். ‘நீங்க வாயில விட்டது எந்தத் தண்ணி?’ மேல் தண்ணி. அவர் சிரிக்கவில்லை. உப்புத் தண்ணி கனமானது, நல்ல தண்ணிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், ஓட்டம் இல்லாத ஆற்றில் இரண்டும் சீக்கிரம் கலக்காது என்று ஒரு கண்ணாடி டம்ளரை வைத்தே காட்டினார். நான் ஒரு தண்ணியைக் குடித்துப் பார்த்துவிட்டு வேறொரு தண்ணியைப் பயிருக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜிப்சம் பற்றியும் அவர் சொன்னதை இங்கே சொல்லிவிடுகிறேன், பல பேர் இதில் காசை விடுகிறார்கள். களர் வேறு, உவர் வேறு. களர் மண்ணுக்கு ஜிப்சம் கேட்கும். கடல் தண்ணி ஏறி உவரான மண்ணுக்கு நல்ல தண்ணி விட்டு உப்பைக் கீழே கழுவி, வடிகாலில் வெளியேற்றுவதுதான் முதல் வழி. எனக்கு அந்த வருட ஐப்பசி மழை கழுவிக் கொடுத்தது. மண் பரிசோதனை பண்ணாமல் மூட்டை வாங்காதீர்கள்.

அதற்கப்புறம் பழையாறு பக்கம் போய் பத்தடி ஃபைபர் தோணி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வீட்டில் சண்டை. சங்கிலியை மீட்கவில்லை, தோணி எதற்கு என்று கேட்டாள். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை, தோணியைக் கரையில் கட்டிவிட்டு வந்தேன்.

நான் சொல்கிற காலை, போன மாசி மாதம் வளர்பிறை ஏகாதசி. நாற்றங்காலில் கத்தரி நாற்று முப்பது நாள் ஆகி, பிடுங்குவதற்குத் தயாராக நின்றது. ஐம்பது சென்டுக்கு, ஐயாயிரத்து அறுநூறு நாற்று. உழுது, தொழு உரம் போட்டு, பார் பிடித்தாயிற்று. நட ஆள் சொல்லவேண்டியதுதான் பாக்கி. இன்னும் நாலு நாளில் பௌர்ணமி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏத்தம் ஜாஸ்தி, கடல் ஆற்றுக்குள் அதிக தூரம் வரும். நடுவதா வேண்டாமா என்பதை அன்றைக்கு முடிவு பண்ணவேண்டும்.

நாலரை மணிக்கு எழுந்தேன். நிலா மூன்று மணிக்கே இறங்கிவிட்டது, நல்ல இருட்டு. தோணியில் வைத்துக்கொண்டவை: துடுப்பு, ஒரு மூங்கில் கழி, டார்ச், வெற்று இருபது லிட்டர் கேன் ஒன்று (மூடி இறுக்கி, என் இடுப்போடு கயிறு கட்டியது; லைஃப் ஜாக்கெட் வாங்குகிறேன் வாங்குகிறேன் என்று இன்னும் வாங்கவில்லை, நீங்கள் வாங்கிவிடுங்கள்), மூன்று சர்பத் பாட்டில், கல் கட்டிய கயிறு, உப்பு மீட்டர், நோட்டு.

“எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?” என்று உள்ளேயிருந்து குரல்.

“ஏழரைக்குள்ள.”

“ஏழரை தாண்டினா மாமாவ அனுப்புவேன்.”

இது தினப்படி நடக்கிற பேச்சு. கொள்ளிடத்தில் முதலை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அணைக்கரை பக்கமும் சிதம்பரம் பக்கமும் ஆடு மாட்டைப் பிடித்த கதை நிறைய. எங்கள் பக்கம் நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், சேற்றுத் திட்டில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. அன்றிலிருந்து தோணிக்கு வெளியே கையைத் தொங்கவிடுவதில்லை. இருட்டில் எழுந்து நிற்பதும் இல்லை.

விடியற்காலையில் ஏன் போகவேண்டும் என்றால், காரணம் காற்று. மத்தியானம் கடல்காற்று எழும்பிவிட்டால் ஆறு சலசலத்து மேல் தண்ணியும் அடித் தண்ணியும் கலங்கும். அப்போது எடுக்கிற சாம்பிளில் எது எங்கே இருந்தது என்று தெரியாது. விடிகிற நேரத்தில் காற்று இருக்காது. தண்ணி அடுக்கு அடுக்காக அப்படியே நிற்கும்.

வீட்டில் இந்தக் காரணத்தைத்தான் சொல்வேன். இது பாதி உண்மை. மிச்சப் பாதியை உங்களிடம் சொல்வதில் வெட்கமில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. கூட்டுறவு சங்கத்துக் கடனும், பூ வியாபாரி பாக்கியும், பெரியவளின் காலேஜ் ஃபீஸும் கரையிலேயே நின்றுவிடும். துடுப்பைத் தண்ணியில் விட்டு எடுக்கிறபோது சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். அன்றைக்கு ஏத்தம் முடியப்போகிற நேரம், கடல் மேற்கே தள்ளுகிறது, அதனால் மேற்கே போவதற்குத் துடுப்பே வேண்டியிருக்கவில்லை. தோணி தானாகப் போயிற்று. வானத்தில் இருந்த நட்சத்திரமெல்லாம் தண்ணியிலும் இருந்தது. எது கரை எது தண்ணி என்று தெரியாமல் கொஞ்ச நேரம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அந்தச் சுகம் இருக்கும்போதே மனசுக்குள் இன்னொன்று ஓடும். தோணி மேற்கே தானாகப் போகிறது என்றால், என்னைத் தள்ளுவது கடல்.

முதல் சாம்பிள் என் இஞ்சின் இருக்கிற இடத்துக்கு நேரே, நடு ஆற்றில். எடுக்கிற விதத்தைச் சொல்கிறேன், இதற்குக் காசு செலவு கிடையாது. சர்பத் பாட்டிலின் கழுத்தில் கயிறு கட்டி, அடியில் கல் கட்டுங்கள். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு. பாட்டில் வாயில் தக்கை செருகி, தக்கைக்குத் தனியாக ஒரு நூல். வெற்று பாட்டிலை முடிச்சு எண்ணிக்கொண்டே வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, நூலைச் சுண்டினால் தக்கை கழன்று அந்த ஆழத்துத் தண்ணி உள்ளே போகும். மேலே குமிழி வந்து நின்றால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மெதுவாகத் தூக்குங்கள். சின்ன வாய் என்பதால் மேலே வருகிற வழியில் அதிகம் கலக்காது.

மேல் தண்ணி 1.1. நாலடியில் 2.8. அடியில், ஏழடி ஆழத்தில், 9.6.

இந்த எண்ணெல்லாம் டெசிசீமன்ஸ் கணக்கு. சின்ன மீட்டர்களில் மில்லிசீமன்ஸ் என்று காட்டும், இரண்டும் ஒரே எண்தான். பாசனத் தண்ணி 0.7-க்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் பயமில்லை. 0.7-லிருந்து 3 வரை பயிரையும் மண்ணின் வடிகாலையும் பார்த்துப் பாய்ச்சலாம். 3-க்கு மேலே போனால் காய்கறிக்கு வேண்டாம். சுத்தக் கடல் தண்ணி 50 பக்கம் இருக்கும். ஆக என் ஃபுட் வால்வு பழைய இடத்திலேயே கிடந்திருந்தால், அஞ்சு குடம் தண்ணியில் ஒரு குடம் கடல் என்று பாய்ச்சியிருப்பேன். மேல் தண்ணியை நாக்கில் வைத்தால் ஒன்றும் தெரியாது. வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து ஆறு வளைகிற இடம், ஒரு கிலோமீட்டர் மேற்கே. போய்ச் சேரும்போது கிழக்கு வெளுத்தது. அந்த வளைவில் அப்பா காலத்தில் நாணலும் கோரையும்தான் இருக்கும். இப்போது கரையோரம் அலையாத்திக் கன்று நிற்கிறது, இடுப்பு உயரத்துக்கு. மேட்டில் உமரி படர்ந்திருக்கிறது. இது இரண்டும் மீட்டர் இல்லாமலே கணக்குச் சொல்கிற செடிகள். உங்கள் கரையில் புதிதாக உமரி முளைத்தால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள்.

வளைவில் பெரியவர் ஒருவர் வீச்சுவலையோடு கரையில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு மாமா முறை. வலையை உதறிக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா, மடவையா?”

“மடவை என்னடா மடவை. கொடுவா! பாரு.” தூக்கிக் காட்டினார். மூணு கிலோவாவது இருக்கும். “இந்த வளைவுல கொடுவா வீசி நாப்பது வருசத்துல பார்த்ததில்ல மாப்ளே.”

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அப்புறம் என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார்.

“உனக்குத்தான் கெட்ட சேதி போலிருக்கு” என்றார்.

வளைவில் மேல் தண்ணி 0.8, நாலடியில் 1.3, அடியில் 6.2. நோட்டைப் புரட்டினேன். பத்து நாளைக்கு முன்னால் இதே இடத்தில் அடித் தண்ணி 1.4. பத்து நாளில் உப்பு ஒரு கிலோமீட்டர் ஏறியிருக்கிறது, அதுவும் பௌர்ணமிக்கு முன்னாலேயே. இன்னும் கொஞ்சம் மேலே, பழைய ஓடத்துறைப் பக்கம் போனேன். அங்கே அடியிலும் 1.0-தான். இன்றைக்கு உப்பின் நுனி வளைவுக்கும் ஓடத்துறைக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

ஆறு மணி தாண்டி ஏத்தம் நின்றது. ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் ஆறு எந்தப் பக்கமும் போகாது. மிதக்கிற இலைகூட இருந்த இடத்திலேயே நிற்கும். நீர்க்காகம் ஒன்று முங்கி எழுந்தது, அந்த வட்டம் கரை வரை போய்ச் சேர்ந்ததைப் பார்த்தேன். அவ்வளவு அழகான ஆறு. அடியில் என்ன இருக்கிறது என்று கையில் பாட்டிலில் வைத்திருக்கிறேன், ஆனாலும் அழகாகத்தான் இருந்தது. அப்பா இங்கேதான் எங்கேயோ உட்கார்ந்து வாயில் தண்ணியை வைத்துக்கொண்டு யோசித்திருப்பார். அவர் ஏன் கரையில் அள்ளாமல் நடு ஆற்றுக்கு வந்தார், ஏன் துடுப்பை ஆழமாக விட்டுக் கிளறிவிட்டு அள்ளினார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கிளறியது சின்ன வயசிலிருந்து பார்த்ததுதான். தோணியை நிறுத்துவதற்காகக் கிளறுகிறார் என்று நினைத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

வத்தம் ஆரம்பித்ததும் திரும்பினேன். இப்போது ஆறே கிழக்கே இழுத்துக்கொண்டு வந்து விட்டது. தனியாகத் தோணியில் போகிறவர்களுக்கு இது ஒரு கணக்கு. ஏத்தத்தில் மேலே போய் வத்தத்தில் இறங்கினால் கையும் வலிக்காது, களைத்த நேரத்தில் எதிர்நீச்சலும் இல்லை. தினமும் ஏத்தம் முந்தின நாளைவிட முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். எனவே இந்தச் சௌகரியம் எல்லா நாளும் வராது.

ஏழேகாலுக்கு வீட்டில். என் வீட்டுக்காரி திண்ணையில் உட்கார்ந்து முல்லை அரும்பைக் கொட்டி, பழுதை எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று பாட்டிலையும் வைத்தேன். அவளுக்கு ஒரு பழக்கம், மீட்டர் எண்ணை நான் சொல்லக் கூடாது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்வாள்.

முதல் பாட்டில், என் இஞ்சின் பக்கத்து மேல் தண்ணி. “ஒண்ணு.”

இரண்டாவது, வளைவின் அடித் தண்ணி. முகத்தைச் சுளித்தாள். “ஆறு ஆறரை.”

மூன்றாவது, நம் இடத்தின் அடித் தண்ணி. நாக்கில் வைத்த உடனே திண்ணைக்கு வெளியே துப்பினாள். எண் சொல்லவில்லை.

“ஒன்பதரை” என்றேன்.

கொஞ்ச நேரம் அரும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசவேண்டிய கணக்கு இரண்டு பேருக்கும் தெரியும். இப்போது நட்டால் சித்திரையிலிருந்து காய். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் உப்பு கூடும். ஆடியில் மேலேயிருந்து தண்ணி வந்தால்தான் இறங்கும், வராமலும் போகலாம். மேல் தண்ணி இன்றைக்கு 1.1, கத்தரி தாங்குகிற அளவின் விளிம்பு. பார் உச்சியில் நடாமல் சரிவில் நட்டு, வைக்கோல் மூடாக்குப் போட்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், பாரில் உப்பு உச்சிக்குத்தான் ஏறும். ஃபுட் வால்வை இரண்டு காலி டிரம்மில் கட்டி மிதக்கவிட்டு, மேலேயிருந்து ஒன்றரை அடியில் தொங்கவிட்டிருக்கிறேன். இஞ்சினை வேகமாக விட்டால் அடியில் இருக்கிற உப்பையும் இழுத்துவிடும், அதனால் மெதுவாகத்தான் விடவேண்டும். வத்தம் நன்றாக இறங்கியபிறகு ஆரம்பித்து, கடல்காற்று எழும்புவதற்குள் நிறுத்திவிடவேண்டும். அன்றைக்கு அது பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை, இரண்டு மணி நேரம். அதில் ஐம்பது சென்ட் முழுக்க நனையாது.

கடைமடையில் ஒரு கதவணை கட்டிக் கொடுங்கள், கடல் ஏறாமல் இருக்கும் என்று நாங்கள் மனு கொடுத்து மனு கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. மேலே ஆதனூர்-குமாரமங்கலத்தில் கட்டினார்கள், அந்தப் பக்கத்துக்கு நல்லது. எங்கள் பக்கத்துக்கும் வரும் என்று சொல்கிறார்கள். அது வருகிற வரைக்கும் இரண்டு டிரம்மும் ஒரு சர்பத் பாட்டிலும்தான் என் கதவணை.

“பாதி நடுவோம்” என்றாள் கடைசியில். “இருபத்தஞ்சு சென்ட். அந்த ரெண்டு மணி நேரத்துல அதுக்குத்தான் தண்ணி எட்டும். மிச்சத்துல பருத்தி போடுங்க.”

“நாத்து?”

“அண்ணன் வீட்டுக்குக் கொடுத்துடுங்க. அவங்களுக்கு மேல இன்னும் உப்பு வரல.”

பருத்தி எனக்கும் தோன்றியிருந்தது. உப்பைத் தாங்குவதில் கத்தரியைப்போல ஏழு மடங்கு தாங்கும் பயிர், எங்கள் பக்கத்தில் மாசிப் பட்டமும் உண்டு. முளைக்கிற சமயம் மட்டும் நல்ல தண்ணி கொடுத்துவிட வேண்டும். ஆனால் ஐயாயிரத்து அறுநூறு நாற்றைத் தண்ணி ஊற்றி வளர்த்தது அவள். பாதியைக் கொடுத்துவிடு என்று என்னால் வாய் திறந்து சொல்லியிருக்க முடியாது.

கேள்வி கேட்ட அந்த வாசகருக்கு: உங்கள் ஆறு எது என்று இதழில் போடவில்லை. கடலோரத்து ஆறாக இருந்து, ஓட்டமும் இல்லாமல் இருந்தால், மருந்து வாங்குவதற்கு முன்னால் ஃபுட் வால்வு கிடக்கிற ஆழத்தில் ஒரு பாட்டில் தண்ணி எடுங்கள். விடிவதற்குள், காற்று எழும்புவதற்குள். அதை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். மேல் தண்ணியிலும் ஒரு பாட்டில் எடுத்து இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மறுநாள் இருட்டோடு நாற்றைப் பிடுங்கி, வேரில் சேறு அப்பி, ஈரச் சாக்கில் சுற்றித் தோணியில் ஏற்றினேன். இரண்டாயிரத்து எண்ணூறு நாற்று அதிகக் கனம் இல்லை. ஆனாலும் தோணி வழக்கத்தைவிட நாலு விரல் கூடவே இறங்கியது. ஏத்தம் தள்ளிக்கொண்டு போனது. வளைவில் நிறுத்தி, பாட்டிலை இறக்கினேன்.

அடித் தண்ணி 6.9.